எதற்குக் கூலி, எப்போது பகடை: பாத்திரமேற்பு விளையாட்டுகளின் விதிநூல்களை வாசித்தல்



நாவலையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் வரிவரியாக வாசித்துத் தீர்ப்புச் சொல்லும் மரபு நமக்கு உண்டு. விளையாட்டின் விதிநூலை அந்தக் கவனத்தோடு வாசிப்பவர்கள் மிகக் குறைவு. விதி என்றால் கற்றுக்கொண்டு கடைப்பிடிப்பது, அதில் விமர்சிக்க என்ன இருக்கிறது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணத்துக்கு எதிராகத்தான் இன்று பேசப்போகிறேன். மேசையைச் சுற்றி அமர்ந்து, பேசிப் பேசியே ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகள் சிலவற்றின் விதிநூல்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம். அவை ஆடுபவர்களை எப்படியெல்லாம் நடக்க வைக்கின்றன என்பது அப்போது தெரியும்.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2016இல் வந்த அதன் முதல் அத்தியாயத்தில், 1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ஒரு வீட்டின் அடித்தள அறையில் நான்கு சிறுவர்கள் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறார்கள். டெமோகார்கன் என்ற அசுரன் வந்து நிற்கிறான். தற்காப்பு மந்திரம் போடு என்கிறான் ஒருவன், தீக்கோளத்தை வீசு என்கிறான் இன்னொருவன். தீக்கோளம் வெல்ல 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வில் என்ற சிறுவன் துணிந்து பகடையை உருட்டுகிறான். பகடை மேசையிலிருந்து எகிறி எங்கோ போய்விடுகிறது. விழுந்த எண் 7.

அந்தக் காலத்து விதிநூல்களில் தீக்கோளத்துக்கு இப்படி ஒரு விதி கிடையாது. மந்திரவாதி வீசினால் அது வெடிக்கும், அவ்வளவுதான். பகடை உருட்டித் தப்பப் பார்க்க வேண்டியது அசுரன். தப்பினால் சேதம் பாதியாகும். அசுரனுக்காக அந்தப் பகடையை உருட்டுபவர் ஆட்டத்தை நடத்துபவர். தொடரை எழுதியவர்கள் பகடையை அவரிடமிருந்து எடுத்துச் சிறுவன் கையில் கொடுத்துவிட்டார்கள். அப்படிக் கொடுத்ததும் அது வில்லின் துணிச்சலைப் பற்றிய கதையாகிறது. நூலில் உள்ளபடியே விட்டிருந்தால் அசுரனின் தாங்கும் வலிமையைப் பற்றிய கதையாக இருந்திருக்கும். தீக்கோளம் ஒன்றுதான், அதன் சேதமும் ஒன்றுதான். விதி மாறியதால் மேசையில் இருப்பவர்களின் கண்கள் வேறொருவர் கையைப் பார்க்கின்றன. நான் சொல்ல வருவதன் ஒரு பாதி இந்தக் காட்சியிலேயே இருக்கிறது.

இவ்விளையாட்டை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் நடத்துநர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நடத்துநர் சூழலை விவரிப்பார், ஆடுபவர் தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார், முடிவு ஐயத்துக்குரியதாக இருந்தால் பகடை உருளும். இந்த வடிவில் முதலில் அச்சான நூல் 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதன் வேர் போர் விளையாட்டுகளில் இருக்கிறது. 1824இல் பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் அமைத்த போர்ப்பயிற்சி விளையாட்டில் பகடையும் அட்டவணைகளும் ஒரு நடுவரும் உண்டு. 1876இல் வெர்டி டு வெர்னுவா என்ற அதிகாரி அட்டவணைகளை ஓரம் தள்ளிவிட்டு, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். எழுதிவைத்த விதியா, நடத்துபவரின் மதிப்பீடா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

இனி 1981க்கு வருகிறேன். அந்த ஆண்டில் டாம் மோல்ட்வே தொகுத்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அடிப்படைத் தொகுதி வெளிவந்தது. அட்டையில் ஒரு டிராகனும் அதை எதிர்ப்பவர்களும் இருப்பார்கள். படத்தைப் பார்த்தால் இது சண்டை விளையாட்டு என்றுதான் யாரும் சொல்வார்கள். உள்ளே போய்க் கணக்கைப் பாருங்கள். வீரன் இரண்டாம் நிலைக்கு உயர 2,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும். காப்லின் என்ற சிற்றசுரன் ஒன்றைக் கொன்றால் கிடைப்பது 5 புள்ளி. நிலவறையிலிருந்து ஒரு பொற்காசை வெளியே கொண்டுவந்தால் 1 புள்ளி. கொன்றே உயர நினைப்பவன் 400 காப்லின்களைக் கொல்ல வேண்டும், அதுவும் தோழர்களுடன் பங்கு போடாமல். முதல் நிலை மந்திரவாதிக்குப் பகடையில் விழும் உயிர்ப் புள்ளி அதிகபட்சம் 4. ஒரு வாள்வீச்சிலேயே அது போய்விடலாம். சுழியத்துக்கு வந்தால் மரணம்.

இந்த எண்களைச் சேர்த்து வாசித்தால் நூல் உண்மையில் என்ன சொல்கிறது என்பது விளங்கும். சண்டை என்பது நட்டம். புதையல்தான் கூலி. ஆகவே ஆடுபவர்கள் ஒளிகிறார்கள், ஒட்டுக்கேட்கிறார்கள், லஞ்சம் கொடுக்கிறார்கள், ஓடுகிறார்கள். நூலின் மற்ற விதிகளும் இதற்குத் துணை நிற்கின்றன. எதிரியைச் சந்தித்ததும் நடத்துநர் இரண்டு பகடை உருட்டி அதன் மனநிலையைப் பார்க்கிறார். 2 விழுந்தால் பாய்கிறது, 12 விழுந்தால் நட்பாகிறது, நடுவில் விழுந்தால் பேசிப் பார்க்க இடமிருக்கிறது. சண்டை நடுவே எதிரியின் மன உறுதி உடைகிறதா என்று பார்க்கவும் விதி உண்டு. தீப்பந்தம் ஒரு மணி நேரம்தான் எரியும். ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் அலைந்து திரியும் விலங்கு வருகிறதா என்று ஒரு பகடை. தூக்கும் காசின் எடைக்கு ஏற்ப நடை தளர்கிறது. பேராசையோடு பையை நிரப்பினால் ஓட முடியாது. ஓட முடியாவிட்டால் சாக வேண்டியதுதான். எந்த ஒரு விதியும் ஆடுபவனைப் பார்த்து எச்சரிக்கையாக இரு என்று சொல்லவில்லை. எல்லா விதிகளும் சேர்ந்து அவனை எச்சரிக்கையாக்குகின்றன. நான் வாசித்த விதிநூல்களில் இவ்வளவு இறுக்கமாகப் பின்னப்பட்டது வேறில்லை என்று தயங்காமல் சொல்வேன்.

2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது பொற்காசுக்குப் புள்ளி என்ற விதி இல்லை. எதிர்கொண்டு வென்ற சவாலுக்கே புள்ளி. ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு சவால் அளவு. தங்கள் நிலைக்கு ஏற்ற சுமார் 13 சவால்களை முடித்தால் குழு ஒரு நிலை உயரும். தந்திரத்தால் வென்றாலும் அது வெற்றிதான் என்று நூல் ஒப்புக்கொள்கிறது, உண்மை. ஆனாலும் புள்ளி விலங்கின் பெயருக்கு எதிரே நிற்கிறது, அதைச் சுற்றிப்போனவனுக்கு என்ன கிடைக்கும் என்பது நடத்துநரின் தயவில் நிற்கிறது. விளைவு நாடறிந்தது. நடத்துநர்கள் குழுவின் வலிமைக்கு அளந்து சண்டைகளை வரிசையாக அமைக்கத் தொடங்கினார்கள். அளந்து வைத்த சண்டையிலிருந்து ஓட வேண்டிய தேவை ஆடுபவருக்கு இல்லை. வீரச்செயல் நிறைந்த, வேறொரு விளையாட்டு அது. அதை விரும்பி ஆடுபவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள், அவர்கள் விருப்பத்தை நான் குறை சொல்லவில்லை. அதே பெயர் என்பதால் இரண்டும் ஒரே விளையாட்டு என்று எழுதுவதைத்தான் மறுக்கிறேன். கூலி மாறியபோது விளையாட்டும் மாறிவிட்டது.

மோல்ட்வேயின் தொகுதி வந்த அதே 1981இல், கேயாசியம் நிறுவனம் சாண்டி பீட்டர்சன் எழுதிய 'கால் ஆஃப் கதுல்ஹூ'வை வெளியிட்டது. ஹெச். பி. லவ்கிராஃப்டின் திகில் கதைகளை ஒட்டியது. கொன்றவனுக்குப் புள்ளி என்பதே இதில் இல்லை. ஒரு திறனைப் பயன்படுத்தி வென்றால் அதன் பக்கத்தில் ஒரு குறி. பின்னர் நூறு எண் பகடையை உருட்டி, இப்போதுள்ள திறனைவிட அதிகமாக விழுந்தால் திறன் கூடும். தெரியாதவன் வேகமாகக் கற்கிறான், தேர்ந்தவன் மெதுவாகக் கற்கிறான்.

ஆனால் இந்நூலின் உயிர் மனநலப் புள்ளியில் இருக்கிறது. பயங்கரத்தைக் கண்டால் அது குறையும். ஒரே அடியில் 5 அல்லது அதற்கு மேல் குறைந்தால், பாத்திரத்தின் அறிவுத்திறனை வைத்து ஒரு பகடை. அதில் வென்றால், கண்டது என்ன என்று அவனுக்குப் புரிந்துவிட்டது, ஆகவே நிலைகுலைகிறான். தோற்றால் மனம் அதை மூடி மறைத்துவிடுகிறது, தப்பிக்கிறான். வேறு எந்த விளையாட்டிலும் பகடையில் வெல்லவே ஆசைப்படும் மனிதர், இங்கே தோற்க வேண்டுமே என்று கையைக் குவித்து உருட்டுகிறார். இன்னொன்றும் உண்டு. தொல்மறை நூல்களைப் படித்துக் கதுல்ஹூ மறைஞானத் திறன் எவ்வளவு ஏறுகிறதோ, மனநலத்தின் உச்சவரம்பு 99இலிருந்து அவ்வளவு இறங்கும். அறிவு ஏற ஏற மீட்சிக்கான இடம் சுருங்குகிறது. லவ்கிராஃப்ட் பக்கம் பக்கமாக அடைமொழிகளால் எழுப்ப முயன்ற அச்சத்தை ஒரு கழித்தல் கணக்கு எழுப்பிவிடுகிறது. இதை நான் இலக்கியச் சாதனையாகவே மதிக்கிறேன்.

அந்த நூலிலும் ஒரு பழுது உண்டு. துப்பறிவதே கதை, ஆனால் துப்புக் கிடைப்பது பகடையில் இருக்கிறது. மறைந்ததைக் கண்டறியும் திறன் 25 சதவீதத்தில் தொடங்குகிறது. மேசை இழுப்பறையில் உள்ள கடிதத்தைக் காணத் தவறினால் கதை அங்கேயே நின்றுவிடும். நடத்துநர் வேறு வழி தேடித் தவிப்பார். 2008இல் கென்னத் ஹைட் எழுதிய 'டிரெயில் ஆஃப் கதுல்ஹூ' இதைத் தீர்த்தது. ராபின் லாஸ் வடிவமைத்த கம்ஷூ முறை அதன் அடித்தளம். உரிய திறன் உள்ளவர் உரிய இடத்தில் தேடினால் இன்றியமையாத துப்பு கிடைத்தே தீரும், பகடை கிடையாது. கிடைத்த துப்புகளுக்கு என்ன பொருள் என்று மேசையில் இருப்பவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வதுதான் ஆட்டம். விமர்சகனின் கண்ணோடு பழைய நூலைப் படித்துவிட்டு எழுதிய நூல் என்று அதன் ஒவ்வொரு விதியிலும் தெரிகிறது.

என் மனத்துக்கு மிக நெருக்கமான நூல் 1985இல் கிரெக் ஸ்டாஃபோர்ட் எழுதிய 'பெண்ட்ராகன்'. ஆர்தர் மன்னரின் வீரர்களைப் பற்றியது. இதில் குணங்களுக்கு எண் உண்டு. கருணைக்கு எதிர் கொடுமை, அடக்கத்துக்கு எதிர் செருக்கு என்று 13 இணைகள். ஒவ்வொரு இணையின் கூட்டுத்தொகை 20. கருணை 14 என்றால் கொடுமை 6. சரணடைந்த எதிரி முன்னால் நிற்கும்போது, நடத்துநர் கருணைக்குப் பகடை கேட்கலாம். அந்த எண்ணுக்குள் விழுந்தால் வீரன் விட்டுவிடுகிறான். தவறினால் கொடுமைக்கு உருட்ட வேண்டும். அதில் வென்றால் வெட்டுகிறான். இரண்டிலும் தவறினால் மட்டுமே முடிவு ஆடுபவர் கைக்கு வருகிறது.

என் பாத்திரம் என்ன செய்யும் என்பதை நான்தானே சொல்ல வேண்டும், பகடை யார் சொல்ல என்று பலர் இந்த விதியை எதிர்த்திருக்கிறார்கள். எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆயினும் ஸ்டாஃபோர்ட் செய்ததைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நீங்கள் கருணையோடு நடந்துகொண்டே வந்தால் அந்த எண் ஏறும். 16ஐத் தொட்டால் ஊரறிந்த குணமாகிவிடும், அதற்குப் புகழ்ப் புள்ளியும் உண்டு. ஆனால் அதற்குப் பிறகு நினைத்தபோது கொடியவனாக முடியாது. உங்கள் கடந்த காலம் உங்கள் கையைப் பிடிக்கிறது. ஒரு மனிதன் தன் பழக்கங்களால் ஆனவன் என்ற எண்ணத்தை ஒழுக்கநூல்கள் உரைநடையில் சொல்லும். இந்நூல் அதைக் கூட்டல் கணக்கில் வைத்து, ஆடுபவரையே அனுபவிக்க வைக்கிறது.

பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு சாகசம்தான். பிறகு குளிர்காலம். நிலவருவாய் என்ன, குதிரை பிழைத்ததா, குழந்தை பிறந்ததா, பிறந்தது நிலைத்ததா என்று ஒவ்வொன்றுக்கும் பகடை. 35 வயதுக்குப் பின் முதுமைக்கான பகடையும் சேரும். வீரன் இறந்தால் மகனை எடுத்து ஆட வேண்டும். தந்தையின் புகழில் பத்தில் ஒரு பங்கு மகனுக்கு. இந்த விதிகளால், மற்ற விளையாட்டுகளில் எவரும் நினைத்தே பார்க்காத திருமணம் இங்கே முதல் கவலையாகிறது. வாரிசு இல்லாத வீரன் போர்க்களத்தில் தயங்குவதைப் பார்க்கலாம். காதல் காட்சிகளை அழகாக நடியுங்கள் என்று அறிவுரை எழுதியிருந்தால் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறாக 1991இல் வந்த 'வாம்பயர்: தி மாஸ்கரேட்' நூலைச் சொல்ல வேண்டும். தனக்குள் இருக்கும் மிருகத்தோடு போராடும் மனிதனின் துயரம்தான் தன் பொருள் என்று அது அறிவிக்கிறது. மனிதத்தன்மைக்கு ஓர் அளவுகோலும் வைத்திருக்கிறது. ஆனால் புள்ளிகளைச் செலவிட்டு வாங்கக் கிடைப்பவற்றில் ஆடுபவரைச் சுண்டி இழுப்பவை அசுர வேகம், அசுர வலிமை, பிறர் மனத்தை ஆளும் சக்தி. ஆகவே பல மேசைகளில் அது பற்கள் முளைத்த சாகச வீரர்களின் விளையாட்டாகிவிட்டது. முன்னுரை ஒன்றைச் சொல்லி, கணக்கு வேறொன்றைச் சொன்னால் ஆடுபவர் கணக்கைத்தான் நம்புவார்.

2010இல் வின்சென்ட் பேக்கரும் மெகி பேக்கரும் எழுதிய 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' விதி எழுதும் முறையையே மாற்றிய நூல். அழிந்த உலகில் எஞ்சியவர்களின் கதை. நடத்துநர் பகடையைத் தொடுவதே இல்லை. ஆடுபவர் இரண்டு பகடை உருட்டித் தன் பண்பெண்ணைக் கூட்டுகிறார். 10 அல்லது அதற்கு மேல் என்றால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஒரு விலை உண்டு. 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் நடத்துநர் தான் விரும்பிய கடுமையோடு அடுத்த அடியை வைப்பார். பண்பெண் 1 உள்ளவருக்கு அந்த நடுப்பகுதி விழும் வாய்ப்பு 36இல் 16. முழு வெற்றிக்கு 10, தோல்விக்கு 10. வென்றும் இழக்கும் நிலைதான் அதிகம் வருமாறு எண்களையே அமைத்திருக்கிறார்கள். அதனால் எந்தப் பகடைக்குப் பிறகும் மேசை பழைய நிலையில் இருப்பதில்லை. ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி உருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

கூலிக் கணக்கும் புதுமையானது. முதல் பதிப்பில், ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் உங்கள் பண்புகளில் ஒன்றைச் சக ஆட்டக்காரரும் இன்னொன்றை நடத்துநரும் குறித்துக் கொடுப்பார்கள். அந்தப் பண்புகளை வைத்து உருட்டும்போதெல்லாம் உங்களுக்கு அனுபவப் புள்ளி. இன்று நீ முரடனாக நடப்பதைப் பார்க்க விரும்புகிறோம், இன்று உன் வசீகரத்தைப் பார்க்க விரும்புகிறோம் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள், கேட்டதற்கு அவர்களே கூலியும் வைக்கிறார்கள். நடத்துநரும் தன் விருப்பப்படி நடக்க முடியாது. அவர் எதை நோக்கி ஆட வேண்டும், எப்போது எந்த வகை அடியை வைக்கலாம் என்பதெல்லாம் அவருக்கும் விதியாக எழுதப்பட்டிருக்கிறது. மற்ற நூல்களில் அறிவுரையாகப் பின்னிணைப்பில் கிடந்ததை இந்நூல் விதியின் இடத்துக்குக் கொண்டுவந்தது.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். நல்ல நடத்துநர் கிடைத்தால் எந்த விதியை வைத்தும் நல்ல ஆட்டம் ஆடலாம், விதி முக்கியமே இல்லை என்பார்கள். விதி முக்கியம்தான் என்று விளையாட்டு வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸ் கட்டுரை எழுதிய நாளிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை. சமூகவியலாளர் கேரி ஆலன் ஃபைன் மினியாபொலிஸ் பகுதிக் குழுக்களோடு பழகி 1983இல் வெளியிட்ட நூலில், விழுந்த எண்ணை மாற்றிச் சொல்வது அக்குழுக்களில் எவ்வளவு சாதாரணமாக நடந்தது என்று பதிவு செய்திருக்கிறார். நூலில் உள்ளது ஒன்று, மேசையில் நடப்பது இன்னொன்று என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் எண்ணை மாற்றும் நடத்துநர் ஏன் மாற்றுகிறார்? விதி கொடுத்த முடிவு மேசைக்குப் பிடிக்காது என்று தெரிந்து மாற்றுகிறார். அந்த இடத்தில் அவர் வேறொரு விதியை, எழுதாமலும் மற்றவர்களைக் கேட்காமலும், நடைமுறைப்படுத்துகிறார். நல்ல நடத்துநரின் திறமை என்று புகழப்படுவதில் ஒரு பங்கு, பழுதான விதிநூலுக்குச் சம்பளமில்லாமல் செய்யும் திருத்தவேலை.

எட்வர்ட்ஸின் பக்கம் நிற்பவர்களோடும் எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. ஒரு நூல் எதற்கு அதிகப் பக்கம் ஒதுக்குகிறதோ அதைப் பற்றியதுதான் அந்த விளையாட்டு என்று அவர்களில் பலர் வாதிடுகிறார்கள். பக்கத்தை எண்ணினால் மோல்ட்வேயின் நூல் சண்டையைப் பற்றியது என்றுதான் முடிவாகும். அது எவ்வளவு தவறு என்பதை மேலே பார்த்தோம். விதி பேசாமல் விட்ட இடமும் ஆட்டத்தை வடிவமைக்கிறது. 1974இன் முதல் நூலில் திருடன் என்ற பாத்திர வகை இல்லை. ஒளிய வேண்டுமா, எங்கே, எதன் பின்னால் என்று யார் வேண்டுமானாலும் விவரித்துச் சொல்லி நடத்துநரை நம்ப வைக்கலாம். 1975இல் 'கிரேஹாக்' இணைப்பு நூலில் திருடன் வந்தான், அவனோடு நிழலில் ஒளிவதற்கு ஒரு சதவீதமும் வந்தது. மோல்ட்வேயின் கணக்கில் முதல் நிலைத் திருடனுக்கு அது 10 சதவீதம். எண் வந்ததும் இரண்டு இழப்புகள். மற்றவர்கள் ஒளிவது தங்கள் வேலை இல்லை என்று விட்டார்கள். திருடனாக ஆடுபவரும் விவரிப்பதை நிறுத்திவிட்டு 'ஒளிகிறேன்' என்று ஒரே சொல்லில் பகடையை எடுத்தார். மூன்றாம் பதிப்பில் தேடுதல், கவனித்தல் எல்லாம் இதே வழியில் போயின. இழுப்பறையின் அடிப்பலகையைத் தட்டிப் பார்க்கிறேன் என்ற வாக்கியம் மறைந்து, தேடுதல் 17 என்ற அறிவிப்பு வந்தது.

எனவே விதி நுழையும் ஒவ்வோர் இடத்திலும் பேச்சு சுருங்குகிறதா, பெருகுகிறதா என்று கேட்க வேண்டும். திருடனின் சதவீதம் பேச்சைச் சுருக்கியது. 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்'டின் நடுப்பகுதி பேச்சைத் தூண்டுகிறது, ஏனென்றால் விலை என்ன என்பதை யாராவது வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். 2005இல் வந்த 'டிரெட்' திகில் விளையாட்டில் பகடையே இல்லை. மரக்கட்டைகளை அடுக்கிய ஜெங்கா கோபுரத்திலிருந்து ஒரு கட்டையை உருவ வேண்டும். கோபுரம் சரிந்தால் உருவியவரின் பாத்திரம் கதையை விட்டுப் போய்விடும். அந்தக் கட்டையில் கைவைத்ததும் அறை முழுக்க மூச்சடங்கிப்போகிறது. திகிலுக்கு அந்த மௌனம் தேவை. ஆகவே பேச்சைச் சுருக்குவதெல்லாம் குறை என்றும் சொல்லிவிட முடியாது. அந்த விளையாட்டு எதை நாடுகிறதோ அதற்கு அந்தச் சுருக்கம் உதவுகிறதா என்பதே கேள்வி.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு விதிநூல் கையில் கிடைத்தால் உலக வரலாற்றையும் ஆயுதப் பட்டியலையும் பிறகு படியுங்கள். முதலில் அனுபவப் புள்ளி எதற்குக் கிடைக்கிறது என்ற பக்கத்தைத் திறங்கள். அடுத்து, தோற்றால் என்ன நடக்கும், அதை யார் சொல்வார் என்ற பக்கம். பிறகு எதற்கெல்லாம் விதி இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். நண்பர்களைச் சேர்த்து நான்கைந்து மாலைகள் ஆடிப்பார்த்துவிட்டு, முன்னுரை சொன்னதும் மேசையில் நடந்ததும் ஒன்றா என்று மதிப்புரை எழுதுங்கள். தமிழில் ஒரு பாத்திரமேற்பு விளையாட்டை எழுத எண்ணுபவர்கள் உங்களில் இருந்தால், எந்த மன்னன், எந்தப் போர் என்று தொடங்க வேண்டாம். உங்கள் ஆட்டத்தில் ஒருவர் எதைச் செய்தால் உயர்வார் என்ற ஒரு பக்கத்தை முதலில் எழுதி எடுத்து வாருங்கள். அதைப் படித்து விவாதிக்க நான் காத்திருக்கிறேன்.